பிராணவாயுவும் பொதுப்பணமும்

அரசினர் மருத்துவமனை ஒன்றுக்குப் புதிய இயந்திரம் வந்தால் அது செய்தியாகின்றது. அதன் விலை, அதைத் திறந்து வைத்த பெரியோரின் பெயர் ஆகிய யாவும் நம் செவிக்கு எட்டுகின்றன. அவ்வியந்திரம் நான்காம் ஆண்டிலும் ஓடிக்கொண்டிருக்கின்றதா என்பது மட்டும் செய்தியாவதில்லை. மக்கள் நல்வாழ்வுக்கெனச் செலவாகும் பணத்தின் பயன் இவ்விரண்டாவது கேள்வியிலேதான் அடங்கியிருக்கிறது. தமிழகத்தின் எல்லையை ஒட்டிய சித்தூர், திருப்பதிப் பகுதியின் அனுபவத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

2021-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் இரவு, கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த வேளை. திருப்பதியிலுள்ள ரூயா அரசினர் பொது மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவிற்குச் செல்லும் பிராணவாயுவின் அழுத்தம் திடீரெனக் குறைந்தது. தமிழ்நாட்டிலிருந்து வரவேண்டிய டாங்கர் லாரி உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. சில நிமிடங்களில் நிலைமை சீர்செய்யப்பட்டது. எனினும் அதற்குள் பதினொருவர் உயிர் நீத்தனர் என்று அரசு அறிவித்தது. திருப்பதி அப்போது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2022 ஏப்ரலில்தான் அது தனி மாவட்டமாயிற்று. ஆதலால் இத்துயரம் அம்மாவட்டம் முழுவதற்கும் உரியதாயிற்று.

மருத்துவர்கள் இருந்தனர், படுக்கைகளும் குழாய்களும் சுவாசக் கருவிகளும் இருந்தன. குழாயினுள் ஓட வேண்டிய காற்று மட்டும் சில நிமிடம் தளர்ந்தது. அது ஏன் தளர்ந்தது என்பதை அறிய, பிராணவாயு மருத்துவமனையை வந்தடையும் வழிகளை அறிதல் வேண்டும்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு இருபத்தொரு பங்கு பிராணவாயு. எழுபத்தெட்டுப் பங்கு நைட்ரஜன். பெரிய தொழிற்சாலைகளில் காற்றைக் கடுங்குளிருக்கு உட்படுத்தித் திரவமாக்கி, பிராணவாயுவைப் பிரித்தெடுக்கின்றனர். பூச்சியத்திற்குக் கீழ் 183 பாகை செல்சியஸில் அது திரவமாகின்றது. ஒரு லிட்டர் திரவம் எண்ணூறு லிட்டருக்கும் மேற்பட்ட வாயுவாக விரியும். ஆகவே பெரிய மருத்துவமனைகளுக்கு இதுவே ஏற்ற முறை. ஆனால் அது தொழிற்சாலையிலிருந்து சாலை வழியே வரவேண்டும். திருப்பதியிலிருந்து விசாகப்பட்டினம் எழுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. சென்னையோ ஏறத்தாழ 140 கிலோமீட்டர்தான். அண்டை மாநிலத்து லாரியை அம்மருத்துவமனை எதிர்பார்த்திருந்ததில் வியப்பில்லை.

இரண்டாவது முறை, மருத்துவமனை வளாகத்திலேயே அமைக்கும் ஆலை. இது காற்றை அழுத்தி, ஜியோலைட் என்னும் கனிமத்தின் ஊடே செலுத்துகின்றது. ஜியோலைட் நைட்ரஜனைப் பற்றிக்கொள்ள, சுமார் 93 சதவீதத் தூய்மையுள்ள பிராணவாயு வெளிப்படுகிறது. இதற்கு லாரி வேண்டியதில்லை, மின்சாரம் வேண்டும். மூன்றாவது முறை, நாம் யாவரும் அறிந்த சிலிண்டர். அது சிறிது நேரத்திற்கே கைகொடுக்கும். ஒரு வழி அடைபட்டால் மற்றொன்று திறந்திருப்பதே பாதுகாப்பு.

வளாகத்து ஆலைகளின் அவசியம் முன்னரே உணரப்பட்டிருந்தது. 2020 அக்டோபரில் அவற்றுக்கான ஒப்பந்தப் புள்ளிகள் கோரப்பட்டன. நன்கொடைகளால் திரண்ட பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து, பொது மருத்துவமனைகளில் 162 ஆலைகள் நிறுவ 201.58 கோடி ரூபாய் ஒதுக்கியதாக 2021 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. ஆயினும் ஏப்ரல் 18-ஆம் நாள் வரை நிறுவப்பட்டவை 33 மட்டுமே என்று சுகாதார அமைச்சகமே தெரிவித்தது. பணம் ஒதுக்கும் நாளுக்கும் குழாயில் வாயு ஓடும் நாளுக்கும் இடையே இடம் தேர்தல், மேடை கட்டுதல், மின் இணைப்புப் பெறுதல், சோதனை செய்தல் எனப் பல படிகள் உண்டு. நோய் அப்படிகளுக்காகக் காத்திருப்பதில்லை.

அந்த 201.58 கோடியில் இன்னொரு பாடமும் உண்டு. ஆலைகளை வாங்கி நிறுவுதற்கும் அதனை நிர்வகித்தற்கும் 137.33 கோடி, பராமரிப்பு ஒப்பந்தத்திற்கு மட்டும் 64.25 கோடி. அதாவது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைந்த தொகை பேணுதற்கே வைக்கப்பட்டது. முதல் மூன்றாண்டு உத்தரவாதக் காலம். அதன் பின் ஏழாண்டு பராமரிப்பு ஒப்பந்தம். அன்றாடம் இயக்கும் பொறுப்போ மருத்துவமனைகளையும் மாநிலங்களையும் சார்ந்தது. இத்தகைய கணக்கே நல்ல கணக்கு. விலையை மட்டும் எழுதிப் பேணும் செலவை எழுதாத திட்டம், மாடு வாங்கப் பணம் வைத்துத் தீவனத்தை மறந்தவன் கதையாக முடியும்.

பின்னர் வேகம் கூடியது. பி.எம். கேர்ஸ் நிதியின்கீழ் நாடெங்கும் 1,224 ஆலைகளுக்கு ஏற்பாடாகி, 2021 அக்டோபருக்குள் 1,100-க்கும் மேற்பட்டவை இயங்கத் தொடங்கின. அவற்றை இயக்க 7,000-க்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்றதாகவும் அரசு கூறியது. ஆந்திர மாநிலத்தில் 426 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்த 144 ஆலைகள் 2022 ஜனவரி 10-ஆம் நாள் அர்ப்பணிக்கப்பட்டன.

இவ்வாலைகள் இயல்பில் மென்மையானவை. ஜியோலைட்டில் ஈரம் புகுந்தால் அதன் ஆற்றல் குன்றும். வடிகட்டிகளைக் காலந்தவறாது மாற்ற வேண்டும். அழுத்து இயந்திரத்துக்கு எண்ணெயும் கவனமும் தேவை. வெளிவரும் வாயுவின் தூய்மையை அளந்து பதிவேட்டில் குறித்து வரவேண்டும். தொற்று தணிந்து தேவை குறையும் நாட்களில் ஆலையை மூடிவைத்து, ஆபத்து நேரும் அன்று திறந்தால் அது நம் எண்ணப்படி இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. மேலும் பிராணவாயு தொற்றுக் காலத்துக்கு மட்டும் உரியதன்று. உலக சுகாதார நிறுவனம் தன் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் அதனை வைத்துள்ளது. நிமோனியாவால் மூச்சுத் திணறும் குழந்தைக்கும், அறுவைச் சிகிச்சை பெறும் தாய்க்கும், விபத்தில் அடிபட்டவருக்கும் அது என்றும் வேண்டுவதே.

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் இதனை இருமடங்கு சிந்தித்தல் தகும். உடல் நலிந்தால் ‘ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்வோம்’ என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. சித்தூரில் இருப்போர்க்கு வேலூர் அண்மையில் உள்ளது; போபாலிலோ சூரத்திலோ இருப்போர்க்கு அவ்வாய்ப்பில்லை. அவசர வேளையில் எவரும் அடையத்தக்கது அருகிலுள்ள அரசு மருத்துவமனையே. அது அவ்வூர் மொழி பேசுவோருக்கு எவ்வளவு உரியதோ அவ்வளவு நமக்கும் உரியது. அதன் செலவில் நாம் செலுத்தும் வரியும் கலந்திருக்கிறது.

ஆகவே நாம் கேட்கக் கூடிய கேள்விகள் சில உள. நம் மாவட்ட மருத்துவமனைக்குப் பிராணவாயு எத்தனை வழிகளில் வருகிறது? ஆலை இருப்பின் அது கடைசியாக எப்போது முழு அளவில் ஓடியது? மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் உண்டா? இரவுப் பணியில் அதனை இயக்கத் தெரிந்தவர் யார்? பராமரிப்பு ஒப்பந்தம் எந்நாள் வரை உள்ளது? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, இவற்றுக்கான பதிவேடுகளைக் கேட்டுப் பெற எந்த மாநிலத்தில் வாழும் குடிமகனுக்கும் உரிமையுண்டு. அவ்வூர் மொழியில் விண்ணப்பம் எழுத இயலாதார்க்கு, எழுதத் தெரிந்த அண்டை வீட்டார் உதவலாம். தமிழ்ச் சங்கங்களும் இப்பணியை மேற்கொள்ளலாம்.

இயந்திரம் வாங்குதல் ஒரு நாள் செய்யும் செயல். அதனைப் பேணுதல் நாள்தோறும் செய்யும் செயல். திருப்பதியில் அன்றிரவு உயிர் நீத்தோருக்குத் தேவைப்பட்டது, சில நிமிடம் தடையின்றி ஓடும் காற்று. அதனை உறுதி செய்யும் சிறு செலவுகளையும் பெருஞ்செலவுகளோடு வைத்து எண்ணிப் பார்க்கும் பழக்கம் ஆள்வோருக்கும் வேண்டும். அதனினும் மேலாக, கேட்கும் உரிமையுடைய நமக்கும் வேண்டும்.