இமைக்கும் கண்களும் ஒரு குறிப்பேடும்

காதல் நோயுற்று, தான் விரும்புவது யாரை என்பதைச் சொல்ல மறுக்கும் ஒருவனுக்கு மருத்துவம் செய்வது எவ்வாறு? ஹகீம் இப்னு ஸீனா (980-1037) தமது 'அல்கானூன்' நூலில் இதற்கொரு முறை வகுத்துள்ளார். நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு பெயர்களையும் தெருக்களையும் வீடுகளையும் ஒவ்வொன்றாகக் கூறிவர வேண்டும். எதைக் கூறும்போது நாடி தடுமாறுகிறதோ, அதை மீண்டும் மீண்டும் சோதித்து உறுதிசெய்ய வேண்டும். நோயைத் தூண்டுவது எது என்பதை ஊகத்தால் அன்றிக் கவனிப்பால் அறிவதே இம்முறையின் உட்கருத்து.

நங்கநல்லூரில் நமக்கு நெருக்கமான குடும்பம் ஒன்றில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். கண்களை வேகவேகமாக இமைப்பான், தொண்டையைச் செருமுவான், சில நாட்களில் தோளையும் குலுக்குவான். பார்வைக் குறைபாடு என்றெண்ணிக் கண் மருத்துவரிடம் சென்றனர். சளி என்றெண்ணி மருந்து கொடுத்தனர். கண்ணேறு என்றார் பாட்டியார். ஓதிய தண்ணீர் கொடுக்கப்பட்டது, தாயத்தும் கட்டப்பட்டது. சில வாரங்கள் குறைந்தது. பின்னர் முன்னிலும் மிகுந்தது.

மருத்துவர்கள் இதனை 'டிக்' என்பர். தும்மல் வருமுன் மூக்கில் ஏற்படும் உறுத்தலைப் போன்ற ஓர் உந்துதல் முதலில் எழும். அசைவு நிகழ்ந்ததும் அது தணியும். சிறிது நேரம் அடக்கிவைக்க இயலும். முற்றாக நிறுத்துதல் இயலாது. ஆகவே இது குறும்பும் அன்று, பிடிவாதமும் அன்று. பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வயதிற்குள் தொடங்கும். பத்து, பன்னிரண்டு வயதில் உச்சமடையும். வளரிளம் பருவத்தில் பலருக்குத் தணியும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் மிகுதி. உடலசைவுகள் பலவும், குரலொலி ஒன்றேனும் ஓராண்டுக்கு மேல் நீடிப்பின் அது 'டூரெட்' நோய்க்கூட்டம் எனப்படும். 1885இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதிய ஃபிரெஞ்சு மருத்துவர் ஜார்ஜ் ஜீல் த லா டூரெட்டின் பெயரால் அது வழங்குகிறது.

இந்நிலையின் வேர் மூளையின் இயக்கத்திலும் மரபிலும் உள்ளது. பதற்றம் அதனை உண்டாக்குவதில்லை, ஆனால் கிளறிவிடுகிறது. உடலும் உள்ளமும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பதையும், அச்சம், துயரம், சினம், வஸ்வாஸ் ஆகியவற்றுக்குத் தனி மருத்துவம் தேவை என்பதையும் அபூஸைத் அல்பல்கீ (மறைவு 934) 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலில் விளக்கியுள்ளார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

டிக் இயல்பாகவே ஏறியும் இறங்கியும் வருவது. பெற்றோர் பரிகாரம் தேடி ஓடுவது அது உச்சத்தில் இருக்கும்போதுதான். அதன்பின் தானாகவே அது இறங்கும். புகழ் தாயத்துக்கோ மருந்துக்கோ போய்ச் சேரும். இந்த மயக்கத்திலிருந்து தப்ப ஒரே வழி, சில வாரங்கள் தொடர்ந்து குறிப்பெடுப்பதே. அர்ராஸீயின் பெருநூலான 'அல்ஹாவீ' அவர் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்தே அவரது மறைவிற்குப் பின் தொகுக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை நான்கு: நாளும் நேரமும், அதற்குச் சற்றுமுன் நிகழ்ந்தது, உடனிருந்தவர் யார், அதன்பின் பெரியவர்கள் செய்தது என்ன. முந்தைய இரவின் உறக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். குழந்தையின் கண்முன் எழுதலாகாது. எழுதுவதே புதிய பதற்றமாகிவிடும். நான்காவது குறிப்பு பலரும் விட்டுவிடுவது. கண்டித்தால் டிக் மிகும். அதனையே பேசிக்கொண்டிருந்தாலும் மிகும். டிக் வந்ததும் பாடத்திலிருந்து விடுவித்துவிட்டால், அதுவும் அதனை நிலைபெறச் செய்யக்கூடும்.

அச்சிறுவனின் தந்தையார் இவ்வாறே ஆறு வாரங்கள் எழுதினார். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களின் இரைச்சலே காரணம் என்பது அவரது எண்ணம். குறிப்பேடு அதற்குச் சான்று தரவில்லை. உறக்கம் குறைந்த மறுநாளும், பள்ளியில் பகலெல்லாம் அடக்கிவைத்துவிட்டு வீடு திரும்பிய முதல் ஒரு மணி நேரமும் மிகுதியாக இருந்தன. அவற்றினும் மிகுதியானது வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின். அது அவனது ஓதலை நாம் கேட்கும் நேரம். "ஹஜ்ரத் முன்னால் ஓதும்போது, கண்ணைக் கொட்டாதே என்று சொன்ன பிறகு அதிகம்" என்று ஐந்து வாரங்கள் எழுதப்பட்டிருந்தது. தந்தையார் வாயால் எதுவும் கூறவில்லை. ஏட்டை நம்மிடம் தந்தார். முப்பதாண்டுகள் மாணவர்க்குக் கற்பித்த நாமே அக்குழந்தையின் நோயைக் கிளறிவந்தோம். பத்தாண்டுகள் பணிவிடை செய்த சிறுவர் அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறையேனும் கடிந்துகொள்ளவில்லை என்ற ஹதீஸை எத்தனை முறை பாடமாக நடத்தியிருப்போம்!

இப்போது அவனை எதிரில் அமர்த்துவதில்லை. பக்கத்தில் அமர்ந்து ஒரே முஸ்ஹஃபைப் பார்த்து ஓதுகிறோம். இமைத்தாலும் செருமினாலும் ஓதல் நிற்பதில்லை; அதைப் பற்றிய பேச்சும் இல்லை. இமைப்பு முற்றும் நீங்கிவிடவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை காலையிலேயே வரும் வயிற்றுவலி நின்றுவிட்டது.

தூண்டுதலை அறிதல் மருத்துவத்தின் ஒரு பகுதியே. உந்துதல் எழும்போது வேறொரு அசைவால் அதனை எதிர்கொள்ளப் பழக்கும் பயிற்சியும், தூண்டுதல்களைச் சீர்செய்தலும் இணைந்த சிகிச்சை ஒன்று உண்டு. 2010இல் அமெரிக்காவில் 126 சிறாரிடம் நிகழ்ந்த ஆய்வில், அதனைப் பெற்றோரில் பாதிக்கும் மேற்பட்டவர் நன்கு தேறினர். ஆறுதலும் அறிவுரையும் மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவர்கூட அவ்வாறு தேறவில்லை. நினைவு தவறுதல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல், படிப்போ உறக்கமோ கெடுதல் ஆகியவை காணப்படின் காத்திராமல் மருத்துவரை நாட வேண்டும். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை சென்னையில் இருக்கிறது. 2022இல் தொடங்கப்பட்ட 14416 என்ற 'டெலி மானஸ்' இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

துஆவும் தொடரட்டும், மருத்துவமும் தொடரட்டும். ஆனால் குழந்தையைத் திருத்தப் புறப்படும் பெற்றோரும் ஆசிரியரும், அந்த ஏட்டில் தம் பெயர் எத்தனை வரிகளில் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்வது நலம்.