தள்ளப்பட்ட கடனும் இரங்காத மனமும்

"விதைநெல் வாங்கியவர் இரண்டு போகம் கழிந்தும் திருப்பித் தரவில்லை." "எங்கள் வீட்டு ஓடுகளையும் கதவு நிலைகளையும் கழற்றியவர் இன்று அயலிலேயே குடியிருக்கிறார்." இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் மனக்குறைகள் இவை. இறைவனின் இரக்கத்தை விளக்க ஆண்டவர் இயேசுவும் ஒரு கடன் கணக்கையே எடுத்துக்கொண்டார் (மத்தேயு 18:21-35).

பணியாளன் ஒருவன் அரசனுக்குப் பத்தாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். அக்காலத்தில் ஒரு தெனாரியம் கூலியாளின் ஒருநாட் சம்பளம். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஆகவே அவனது கடன் 6 கோடி நாட் கூலி! ஒரு இலட்சத்து அறுபதாயிரம் ஆண்டுகள் நாள்தோறும் உழைத்தாலும் அது தீராது. அரசன் மனமிரங்கி அத்தனையையும் தள்ளிவிட்டான். வெளியே வந்தவனோ, தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய உடன்பணியாளனின் கழுத்தைப் பிடித்து நெரித்து, அவனைச் சிறையில் அடைத்தான்.

நூறு நாட் கூலி ஓர் ஏழைக்குச் சிறிய தொகை அல்ல. நமது இழப்பும் சிறியதல்ல. இயேசு அதை மறுக்கவில்லை. அரசன் சினந்தது அவன் கடன்பட்டதற்காக அல்ல, பெற்ற இரக்கத்தை மறந்ததற்காகவே. இறைவனுக்கு நாம் செலுத்தும் நன்றி திருப்பலிப் பாடலோடு முடிந்துவிடுவதில்லை. அது அயலவனுக்கு நாம் காட்டும் இரக்கத்தில் தொடரவேண்டும்.

அப்படியாயின் உரிமையைக் கைவிடவேண்டுமா? இல்லை. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981 மே 13இல் தம்மைச் சுட்டவரை மன்னித்தார். 1983 டிசெம்பரில் சிறைக்கே சென்று அவரைச் சந்தித்தார். ஆயினும், 2000ஆம் ஆண்டில் பொதுமன்னிப்புக் கிடைக்கும்வரை அவர் இத்தாலியச் சிறையிலேயே இருந்தார். மன்னிப்பு நீதியை அழிப்பதில்லை, பகையையே அழிக்கிறது. ஆகவே காணி உறுதியைப் பத்திரமாக வைத்திருப்போம், உரியதை உரிய இடத்தில் கேட்போம். ஆனால் வெறுப்பை நம் பிள்ளைகளுக்கு முதுசமாகக் கொடுக்கவேண்டாம்.

அடுத்த விதைப்புக்கு முன் நாம் ஒன்று செய்யலாம். உண்மையிலேயே கொடுக்க வழியற்றவருக்கு இன்னொரு போகம் தவணை கொடுப்போம். இயலுமாயின் கடனைத் தள்ளிவிடுவோம். பேச்சு நின்றுபோன வீட்டுப் படலையை நாமே முதலில் திறப்போம். ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொல்லும் ஒவ்வொரு மாலையும், மன்னிப்பைக் கேட்கும் அதே மூச்சில் மன்னிப்பதாகவும் நாம் வாக்களிக்கிறோம் அல்லவா?