குடிநுழைவுச் சோதனையும் குடும்பங்களும்: ஆவணப்படங்கள் காட்டுவது என்ன?

குடிநுழைவு அதிகாரிகள் ஒரு தொழிற்சாலையைச் சோதனையிட்டு இத்தனை பேரைப் பிடித்தனர் என்று அடிக்கடி செய்தி வருகிறது. எண்ணிக்கையைப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். பிடிபட்டவரின் பிள்ளையை அன்று பள்ளியிலிருந்து யார் அழைத்து வந்தார், அடுத்த மாத வாடகையை யார் கட்டுவார் என்பதெல்லாம் செய்தியில் இருப்பதில்லை. அதைச் சொல்ல வருபவைதாம் ஆவணப்படங்கள். ஆனால், கேமரா எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கத்து உண்மையைத்தான் அவையும் காட்ட முடியும். அமெரிக்காவைப் பற்றிய மூன்று படங்களைக் கொண்டு இதைப் பார்ப்போம்.

குடும்பத்தின் பக்கம்

2008 மே 12ஆம் தேதி, ஐயோவா மாநிலத்தில் போஸ்ட்வில் என்னும் சிற்றூரில் இருந்த இறைச்சித் தொழிற்சாலை சோதனையிடப்பட்டது. அந்த ஊரின் மக்கள் தொகை 2,000க்குச் சற்று அதிகம். ஒரே நாளில் பிடிபட்டவர்களோ 389 பேர். பெரும்பாலோர் குவாத்தமாலா நாட்டவர். வழக்கமாக இத்தகையவர்களை நாடு கடத்துவதோடு விட்டுவிடுவார்கள். இங்கோ, பொய்யான ஆவணங்களைப் பயன்படுத்தியதாகக் குற்றம் சாட்டி, ஏறக்குறைய 300 பேரைச் சில நாட்களிலேயே தண்டித்தார்கள். பெரும்பாலோருக்கு 5 மாதச் சிறை. அதன் பிறகு நாடு கடத்தல்.

குவாத்தமாலாவில் பிறந்த இயக்குநர் லூயிஸ் அர்குவேட்டா 2010இல் இதைப் படமாக்கினார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்காக விடுவிக்கப்பட்ட தாய்மார்களின் கணுக்காலில் மின்னணுக் கண்காணிப்புப் பட்டை கட்டப்பட்டிருந்தது. அவர்களால் வேலைக்கும் போக முடியவில்லை, ஊரைவிட்டுக் கிளம்பவும் முடியவில்லை. ஊர்த் தேவாலயம்தான் சோறு போட்டது.

கேமராவுக்கு எட்டாத பாதிப்பும் உண்டு. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, ஐயோவா மாநிலத்தின் பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்தது. சோதனைக்குப் பிந்திய மாதங்களில் லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு, முந்திய ஆண்டைவிட 24 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தாய்மாரும் இதற்கு விலக்கல்ல. அச்சத்துக்குக் குடியுரிமைச் சான்றிதழ் தெரிவதில்லை.

அதிகாரியின் பக்கம்

2020 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட 'இமிகிரேஷன் நேஷன்' 6 பாகங்கள் கொண்டது. ஷால் ஷ்வார்ட்ஸ், கிறிஸ்டினா குளூசியோ ஆகிய இருவரும் அனுமதி பெற்று, குடிநுழைவு அமலாக்க அதிகாரிகளோடு கூடவே சென்று படம் பிடித்தனர். அதிகாரிகள் விடிவதற்கு முன்பே கதவைத் தட்டுகிறார்கள். தேடி வந்தவர் மட்டுமல்லாமல், அங்கே இருந்த மற்றவர்களும் சேர்ந்து பிடிபடுகிறார்கள். அதிகாரிகளில் சிலர் சங்கடப்படுகிறார்கள். சிலர் சிரித்துப் பேசிக்கொண்டு வேலையைப் பார்க்கிறார்கள். சட்டத்தை நிறைவேற்றுவதுதான் தங்கள் கடமை என்பதே பலரின் பதில்.

அனுமதி கொடுத்த இலாகாவே பிறகு சில காட்சிகளை நீக்கும்படியும் வெளியீட்டைத் தள்ளிப்போடும்படியும் நெருக்கியதாக இயக்குநர்கள் தெரிவித்தனர். உள்ளே போய்ப் படமெடுக்க இப்படியும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

கேமரா நுழையாத இடம்

2018இல் அமெரிக்க அரசு, எல்லையை அனுமதியின்றிக் கடந்த பெரியவர்கள் அனைவர் மீதும் குற்ற வழக்குத் தொடுக்க முடிவு செய்தது. பெற்றோர் சிறைக்குப் போனார்கள். பிள்ளைகளைச் சிறையில் வைக்க முடியாது என்பதால் அரசாங்கக் காப்பகங்களுக்கு அனுப்பினார்கள். இப்படி ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பிரிக்கப்பட்டனர். கண்டனம் வலுக்கவே, ஜூன் 20ஆம் தேதி அதிபர் இதை நிறுத்த உத்தரவிட்டார். எந்தப் பிள்ளை யாருடையது என்று முறையாகப் பதிவு செய்யாததால், நீதிமன்றம் சேர்த்துவைக்கச் சொன்ன பின்பும் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் பிரிந்தே இருந்தன.

எரோல் மோரிஸ் 2024இல் இயக்கிய 'செப்பரேட்டட்' படம் இதைப் பற்றியது. அதிகாரிகளின் நேர்காணல்களுக்கு இடையே, பிரிக்கப்படும் ஒரு தாயையும் மகனையும் நடிகர்களைக் கொண்டு காட்டுகிறார் அவர். அந்தக் காட்சிகள் மனத்தை உருக்கினாலும் அவை நடிப்பே; நேர்காணலில் வரும் வாக்குமூலமே சான்று. இந்த வேறுபாட்டை மறந்துவிடலாகாது.

நாம் கேட்க வேண்டியவை

இத்தகைய படத்தைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. யாருடைய அனுமதியோடு எடுத்தார்கள்? முகம் காட்டிய குடும்பத்துக்கு அதனால் ஆபத்து வருமா? கைதுக்குப் பிறகு அந்தக் குடும்பம் என்ன ஆனது என்று படம் சொல்கிறதா?

தன் எல்லையைக் காக்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால், எந்தச் சட்டத்தையும் மீறாத ஒரு குழந்தையும் அதன் விளைவைச் சுமக்கிறது. ஆகவே, கைதோடு முடிந்துவிடும் படத்தைப் பாதிப் படம் என்றே கொள்ள வேண்டும். அடுத்த முறை செய்தியில் எண்ணிக்கையை மட்டும் கேட்கும்போதும், மீதிப் பாதியை நாமாவது நினைத்துப் பார்ப்போம்.