கரையேறிய படகும் எலித் தொல்லையும்

மலாய் மொழியில் ‘ஆயர் தாவார்’ என்றால் உப்பற்ற நன்னீர் என்று பொருள். பேராக் மாநிலம், மஞ்சோங் மாவட்டத்திலுள்ள இவ்வூரைச் சுற்றி ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் உள்ளன. சற்றுத் தொலைவில் லுமுட் துறையும், அதற்கப்பால் பங்கோர் தீவும் இருக்கின்றன. தோட்டப்புறத்தில் வாழ்வோர் ஓய்வு நாளில் மீன் பிடிக்கச் சிறு படகு ஒன்று வைத்திருந்தால் அதில் வியப்பில்லை. படகு கடலில் மிதக்கும்வரை அதற்குப் பகை அலையும் காற்றும். அதைக் கரையேற்றி, செம்பனை ஓரத்தில் தார்ப்பாய் போர்த்தி நிறுத்திவிட்டால், அன்று முதல் அதற்குப் பகை எலி.

சில மாதம் கழித்துத் தார்ப்பாயை நீக்குவோரை முதலில் தாக்குவது நாற்றம். பிறகுதான் கடிபட்ட கயிறும், குதறப்பட்ட மெத்தையும், புழுக்கைகளும் கண்ணில் படும். இவற்றைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிட்டுப் படகை நீரில் இறக்குவோர் பலர். இவ்வாறு செய்வதில் இரண்டு ஆபத்துகள் உள்ளன: ஒன்று நோய், மற்றொன்று நடுக்கடலில் நேரும் விபத்து.

எலி படகை நாடுவது ஏன்? அதற்கு வேண்டியவை மூன்று: இருள், மென்மையான படுக்கை, உணவு. மூடிய படகில் மூன்றும் கிடைக்கின்றன. இருக்கையின் பஞ்சும் உயிர்காப்புச் சட்டையும் கூடு கட்ட உதவும். தூண்டில் பெட்டியில் ஒட்டியிருக்கும் இறால் துணுக்கு விருந்தாகும். அரை அங்குலத் துவாரம் போதும், எலி நுழைந்துவிடும். சுண்டெலிக்குக் கால் அங்குலமே போதும். ஒயரைக் கடிப்பது பசியினால் அன்று. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும்; ஆண்டுக்குப் பத்துச் சென்டிமீட்டருக்கு மேல் வளரும். எதையேனும் கறித்துத் தேய்க்காவிட்டால் அதனால் வாயை மூடவே இயலாது.

இனி நாற்றத்தின் காரணத்தைக் காண்போம். எலியின் சிறுநீரில் யூரியா என்னும் பொருள் உண்டு. நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போது அம்மோனியா வாயு வெளிப்படுகிறது. மூக்கைத் துளைப்பது அதுவே. கண்ணாடியிழைப் படகின் வழவழப்பான மேற்பூச்சு சிறுநீரை உறிஞ்சுவதில்லை. ஆனால் வெடிப்புகளும், ஒட்டுப்பலகையும், மிதவைப் பஞ்சும் உறிஞ்சிக்கொள்ளும். மேலே எத்தனை முறை கழுவினாலும், வெயில் ஏறியதும் நாற்றம் திரும்பி வருவது இதனால்தான். மேலும், எலி தன் இனத்துக்கு வழி காட்டுவதும் சிறுநீரின் மணத்தாலேயே. மணம் நீங்காத படகுக்கு அடுத்த எலி தானே வந்து சேரும். ஆகவே நாற்றத்தைப் போக்குவது எலித் தடுப்பின் ஒரு பகுதியே ஆகும்.

நோயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மக்கள் ‘எலிச் சிறுநீர் நோய்’ என்று வழங்குவது லெப்டோஸ்பைரோசிஸ் ஆகும். இதன் கடுமையான வகையை 1886-ல் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் வைல் விவரித்தார். மலாயாவில் 1925-ல் வில்லியம் ஃபிளெட்சர் இந்நோயைக் கண்டறிந்து எழுதினார். மலேசியாவில் 2010 முதல் இது மருத்துவர்கள் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்று. சுருள் வடிவமான இக்கிருமி, தோலின் சிறு கீறல் வழியாகவும், கண், வாய், மூக்கு வழியாகவும் உடலில் புகும்.

இக்கிருமியின் இயல்பில் ஒரு விந்தை உண்டு. உலர்ந்த இடத்தில் அது விரைவில் மடியும். உப்பு நீரிலும் நெடுநேரம் தாங்காது. ஆனால் நிழலில் தேங்கிய நன்னீரில் வாரக்கணக்கில் உயிர் வாழும். கடலில் ஓடும் படகை உப்பு நீர் அடிக்கடி கழுவிவிடுகிறது. கரையேறிய படகிலோ தார்ப்பாயின் குழிவில் மழைநீர் நிற்கிறது. அடித்தளத்தில் ஒழுகித் தங்குகிறது. அதில் எலியின் சிறுநீர் கலக்கிறது. வெறுங்காலுடன் அந்நீரில் இறங்கி நிற்பவர் அறியாமலே நோயை வரவழைத்துக்கொள்கிறார்.

ஆகவே சுத்தம் செய்வதற்கு ஒரு முறை வேண்டும். முதலில் தார்ப்பாயை நீக்கி, அரைமணி நேரமாவது காற்றோட விட்டு விலகி நிற்க வேண்டும். ரப்பர் கையுறையும் பூட்சும் முகமூடியும் அணிவது அவசியம். கையில் காலில் புண் இருந்தால் நீர் புகாதபடி மூடிக்கொள்ள வேண்டும். புழுக்கையை உலர்ந்தபடியே பெருக்குவது தவறு. தூசியோடு கிருமிகளும் பறக்கும். அம்மோனியா நெடி கடுமையாக இருந்தால் முதலில் சோப்பு நீரை ஊற்றி நனைத்து, நிறைய நீர்விட்டு அலச வேண்டும். நெடி தணிந்த பின்னரே, ஒரு பங்கு குளோரின் சலவைத் திரவத்தைப் பத்துப் பங்கு நீரில் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும்.

இந்த வரிசை முக்கியமானது. சலவைத் திரவம் அம்மோனியாவோடு கலந்தால் நுரையீரலைத் தாக்கும் நச்சுவாயு எழும். அதை வினிகரோடு கலந்தாலும் குளோரின் வாயு வெளிப்படும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக நம் முயற்சி முடியலாகாது. சிறுநீர் ஊறிய பஞ்சையும் மெத்தையையும் காப்பாற்ற முயல்வது வீண். அவற்றை உறையிலிட்டுக் கட்டி எறிந்துவிடுவதே நலம். எஞ்சியதை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிட வேண்டும். இதைவிடச் சிறந்த மருந்து கிடையாது.

படகை நீரில் இறக்குமுன் எரிபொருள் குழாய், மின்கம்பிகள், சுக்கான் கம்பி, நீர் இறைக்கும் பம்பு ஆகியவற்றை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியிலேயே தங்கும். கடிபட்ட குழாயிலிருந்து கசிவும், தோலுரிந்த கம்பியிலிருந்து பொறியும் சேர்ந்தால் தீ மூளும். உயிர்காப்புச் சட்டையில் பல் பட்டிருந்தால் அது உயிர் காக்கும் என்று நம்புவதற்கில்லை.

அடுத்த முறை நிறுத்தும்போது படகைத் தாங்கியின் மேல் உயர்த்தி, முன்புறம் சற்று மேலோங்கச் சாய்த்து, நீர் வடியும் துளைக்குக் கம்பிவலை இட வேண்டும். சுற்றிலும் மூன்றடிக்குப் புல்லை வெட்டி, மேலே தொங்கும் மட்டைகளையும் நீக்குக. கயிறு, சட்டை, மெத்தை ஆகியவற்றை வீட்டினுள் தொங்கவிடுக. பாச்சைக் குண்டுகளைப் போடுவதால் எலி போகாது; இன்னொரு நாற்றம் சேரும். விஷம் வைத்தால் எலி இருக்கைக்கு அடியில் எட்டாத இடத்தில் செத்துக் கிடக்கும். ஆகவே பொறியே மேல். எலி புதுப் பொருளுக்கு அஞ்சும் பிராணி. எனவே இரண்டு மூன்று நாள் பொறியைப் பூட்டாமல் கருவாட்டை மட்டும் வைத்துப் பழக்கி, பிறகு பூட்ட வேண்டும்.

செம்பனைத் தோட்டங்களில் எலியை வேட்டையாடுவதற்காகவே கூகைகளுக்குக் கம்பத்தின்மேல் கூட்டுப் பெட்டிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அதன் அலறலை அபசகுனமென்று எண்ணி விரட்டுவோர், தமக்குக் கூலியின்றிக் காவல் செய்யும் நண்பனை விரட்டுகிறார்கள்.

படகைச் சுத்தம் செய்தபின் ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் தசை வலி, கண் சிவத்தல் ஆகியவை தோன்றினால், சாதாரணக் காய்ச்சலென்று பொறுத்திருக்கலாகாது. உடனே மருத்துவரிடம் சென்று, எலி குடியிருந்த படகைக் கழுவிய செய்தியையும் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் எளிய மருந்துகளால் இந்நோய் தீரும். தாமதித்தால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். நோயாளி சொல்லும் அந்த ஒரு வாக்கியம் மருத்துவருக்குப் பெருந்துணையாகும்.