ஸ்டோமா உடையோருக்கு உற்ற துணை

குடலிலே புற்றுநோயோ கடும் அழற்சியோ கண்டவர்களுக்கு, அறுவைச் சிகிச்சையின்போது குடலின் ஒரு முனையை வயிற்றின் மேற்புறத்தில் திறந்து வைப்பது சில சமயம் இன்றியமையாததாகிறது. அத்திறப்பே ஸ்டோமா எனப்படும். மலம் அதன் வழியே வெளியேறி, தோலில் ஒட்டிய பையில் சேரும். மூடித் திறக்கும் தசை அங்கு இல்லாமையால் அதனை அடக்க இயலாது.

புண் ஆறிய பின்னரும் அச்சம் ஆறுவதில்லை. பேருந்திலே பை கசியுமோ, நாற்றம் வீசுமோ என்றஞ்சி வீட்டிலேயே அடைபட்டுக் கிடப்போர் உளர். இவர்களுக்கு, அதே பையுடன் பல்லாண்டு வாழ்ந்து வருபவரின் சொல்லே பெருந்துணையாகும். மூன்றிலொரு பங்கு நிரம்பியதும் பையைக் காலி செய்தல், பயணத்தில் மாற்றுப் பை வைத்திருத்தல் முதலியவற்றை அவர் பட்டறிவால் கற்றவர். இதனை உணர்ந்தே, 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் டாக்டர் ரூபர்ட் டர்ன்புல், தாமே ஸ்டோமா உடையவராகிய நார்மா கில் அம்மையாரைப் பிற நோயாளிகளுக்கு வழிகாட்ட அமர்த்தினார். நம் நாட்டில் மும்பையிலுள்ள இந்திய ஆஸ்டமி சங்கம் இத்தகைய தொண்டினை மேற்கொண்டது.

களப்பணியாளர், அறுவைச் சிகிச்சைப் பிரிவின் உதவியுடன், இருவரின் இசைவையும் பெற்றே அவர்களைச் சந்திக்கச் செய்தல் வேண்டும். திறப்பு கருத்தாலோ, குருதி நில்லாது கசிந்தாலோ உடனே மருத்துவரிடம் அனுப்புக. ஆசிரியர், ஸ்டோமா உடைய மாணவன் அனுமதி கேளாமலே கழிப்பறைக்குச் செல்ல இடமளிப்பாராக. காரணத்தை வகுப்பில் வெளியிடலாகாது.