பெயர் பெறாத பணி: மறதிநோய்ப் பராமரிப்பாளர் ஆதரவுக் குழுக்களின் மொழிநிலை

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய், 60 அகவை கடந்த இந்தியரில் ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு இருக்கலாம் என 2023இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. இவர்களைப் பேணும் குடும்பத்தினர் கூடித் தம் பட்டறிவைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பே ஆதரவுக் குழு. இக்குழுக்களின் பயனை மருத்துவ நோக்கில் அளப்பதே வழக்கம். அவை ஆற்றும் மொழிப்பணியை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

நோயின் பெயரிலேயே சிக்கல் தொடங்குகிறது. 'மறதிநோய்' என்னும் சொல் ஒரே ஓர் அறிகுறியை முன்னிறுத்துகிறது. குடும்பத்தை அலைக்கழிப்பவையோ பெரும்பாலும் வேறு: உண்ட பின்னரும் சோறு போடவில்லை என அண்டை வீட்டாரிடம் முறையிடுதல், நகையைத் திருடியதாக மருமகள்மீது பழி சுமத்துதல், நள்ளிரவில் வெளியேறுதல். இவை மறதியின் கணக்கில் சேர்வதில்லை. 'வேண்டுமென்றே செய்கிறார்' என்ற கணக்கிலேயே சேர்கின்றன. 10/66 ஆய்வுக்குழுவினர் கேரளத்தில் நிகழ்த்திய, 2003இல் வெளியான ஆய்வும் இதனைப் பதிவு செய்துள்ளது. (நோயாளரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, ஆய்வுகளில் 10 விழுக்காட்டிற்கும் குறைவானவையே அவர்களைப் பற்றியவை என்பதை அக்குழுவின் பெயர் சுட்டும்.) பேணுவோருள் பலர் மருமகள்கள் என்பதும் அதில் வெளிப்பட்டது.

இந்நிலைக்கு வழக்குச்சொல்லே இல்லை என்பதன்று. யாழ்ப்பாணத் தமிழில் 'அறளை பெயர்தல்' உண்டு. மலையாளத்தில் குழந்தைத்தனத்தைக் குறிக்கும் 'சின்னன்' உண்டு. இச்சொற்கள் முதுமையின் இயல்பைச் சுட்டுகின்றனவேயன்றி நோயைச் சுட்டவில்லை. இயல்புக்கு எவரும் மருத்துவம் தேடுவதில்லை.

'பராமரிப்பாளர்' என்ற சொல்லும் இவ்வாறே அயலாக நிற்கிறது. மாமியாரைக் குளிப்பாட்டி உணவூட்டும் பெண் தன்னை மருமகள் என்றே அறிவாள். பராமரிப்பாளரின் சுமையை அளக்க 1980இல் ஸாரிட்டும் உடன் ஆய்வாளரும் உருவாக்கிய வினாநிரல், இன்று 22 வினாக்களுடன் பரவலாக வழங்குகிறது. அதனைத் தமிழாக்குவது எளிது. ஆனால் 'உங்கள் மாமியார் உங்களுக்குச் சுமையா?' என்ற தொனியில் கேட்டால், 'இல்லை' என்பதே நம் குடும்ப ஒழுக்கம் அனுமதிக்கும் விடை. அவ்விடையைச் சுமையின்மைக்குச் சான்றாகக் கொள்வது பிழை.

குழுவின் பங்கு இங்கேதான் தெளிவாகிறது. 'என்னைத் திருடி என்கிறார்' என்று ஒருவர் தயங்கிச் சொல்ல, 'எங்கள் வீட்டிலும் அப்படியே' என மற்றொருவர் சொல்லும்போது, குடும்ப மானம் சார்ந்த மறைபொருளாக இருந்தது நோய்க்குறியாகப் பெயர் மாறுகிறது. மருத்துவரின் விளக்கம் இதனை முழுமையாகச் செய்ய இயலாது. பழி சுமந்தவரின் வாய்ச்சொல்லுக்கு இருக்கும் நம்பகத்தன்மை அதற்கு இல்லை.

சட்டமொழியிலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளுள் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் பெயர் சுட்டப்பெற்றுள்ளன. எனவே அம்மாணவர்தம் பெற்றோர் குழுக்கள் பள்ளியிடம் எடுத்துச் செல்ல ஒரு சொல் இருக்கிறது. மறதிநோய் அப்பட்டியலில் தனிப்பெயராக இடம்பெறவில்லை.

நோயாளரைத் தனியே விட்டுக் கூட்டத்திற்கு வருவதும் எளிதன்று. நெதர்லாந்தில் 1997இல் மீசன் தொடங்கிய அல்சைமர் கஃபே, நோயாளரையும் குடும்பத்தினரையும் ஒருங்கே அழைத்து இதற்கு வழி கண்டது. அம்முறையை அப்படியே இங்குப் பின்பற்றினால், மாமியார் அருகிருக்க மருமகள் எதைப் பேசுவாள் என்பது ஐயமே. ஒரே வளாகத்தில் இரு வேறு அறைகள் இருப்பின் அவள் பேசக்கூடும்.