அண்ணா அனுப்பும் தூண்டில்

தென்பெண்ணையில் புதுவெள்ளம் வந்துவிட்டது. திருக்கோவிலூரில் இருக்கும் தம்பிக்குச் சிங்கப்பூரிலுள்ள அண்ணா நல்ல தூண்டிற்கோல் ஒன்று அனுப்பப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "அன்பளிப்புக்கு வரி ஏது?" என்று அம்மா நிம்மதியாக இருப்பாள்.

அந்தக் காலம் மலையேறிவிட்டது, அம்மா! 5,000 ரூபாய் வரையுள்ள அன்பளிப்புப் பார்சலுக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரில் ரத்தாகிவிட்டது. கோலின் விலைக்கு மட்டுமல்ல. அனுப்பும் கூலி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த தொகைக்கு வரி போடுவார்கள். 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயரெடுத்த முதலாம் குலோத்துங்கனா இப்போது ஆள்கிறான்?

ஆகவே அண்ணாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடை ரசீதைப் பெட்டியில் வைக்கட்டும்; உண்மை விலையையே எழுதட்டும். வரிக்குப் பயந்து குறைத்து எழுதினால் சாமானும் போகலாம், அபராதமும் வரலாம். 'விளையாட்டுச் சாமான்' என்று பொதுவாக எழுதாமல் கோல், ரீல், முள் என்று தனித்தனியே குறிக்கட்டும். சுங்க அட்டவணையில் இவை 9507-ம் தலைப்பு, மீன்வலையோ 5608. சொந்த உபயோகத்துக்கு ஒன்றிரண்டு வரவழைக்க இறக்குமதி எண் வேண்டாம். டஜன் கணக்கில் வாங்கி விற்பதானால் வேண்டும். பெறுபவரின் அடையாளச் சான்றையும் கூரியர்காரர் கேட்பார், தயாராக இருக்கட்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்கிறீர்களா? பயணி தம்முடன் கொண்டுவரும் சாமானுக்கு ஒரு மதிப்புவரை வரி கிடையாது. முள்ளைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போட்டு, பொங்கலுக்கு அண்ணாவையே வரச் சொல்லுங்கள். தம்பிக்குத் தூண்டில், அம்மாவுக்குப் பிள்ளை!